வெற்று எடை

புதுவயல் மில்லின் எடைமேடைச் சாவடி என்னுடையது.
ஒரு ஜன்னல், ஒரு காத்தாடி,
சிவப்பு எண்கள் துடித்து நிற்கும் ஒரு பெட்டி.
நெல்லோடு ஏறும் லாரிக்கு ஒரு எண்,
இறக்கிவிட்டு வரும்போது இன்னொன்று.
கழித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

எடைச்சீட்டின் பின்பக்கத்தில்
தணிகைவேலனின் ரன்களை எழுதி வருகிறேன்.
அது சம்பளத்தில் சேராது.

ஐந்து ரஞ்சி ஆட்டம். எட்டு இன்னிங்ஸ்.
எழுநூற்றுப் பதினாறு.
இரண்டு முறை அவுட் ஆகவில்லை.
சராசரி நூற்றுப் பத்தொன்பது புள்ளி மூன்று.
சேவுகன் அந்தப் புள்ளி மூன்றையும் விடமாட்டான்:
"நல்லாப் பாருங்க உமையக்கா, மூணா நாலா?"

கார்த்திகையில் நத்தத்தில் ஆட்டம்.
சேவுகன், மூட்டை தூக்கும் அடைக்கலம்,
அறந்தாங்கி லோடு ஓட்டும் நத்தர்ஷா,
லீவு சொல்லாமல் மூன்று பஸ் மாறிப் போனார்கள்.
டிக்கெட் இல்லை. கூட்டமும் இல்லை.
சாப்பாட்டு நேரம் வரை அவன் எடுத்தது பதினேழு.
அடைக்கலம் வந்து சொன்னான்:
"அடிச்சது ஒண்ணும் ஞாபகமில்லக்கா, விட்டதுதான்.
ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தையெல்லாம்
கடன் கேட்டு வந்த மச்சானைப் பார்க்கிற மாதிரி
பார்த்து அனுப்பி வச்சான்."

பொங்கல் முடிந்த வாரம். சம்பா நெல் வரத்து,
கேட்டிலிருந்து கண்டனூர் ரோடு வரை லாரி.
சாயங்காலம் பட்டியல் வந்தது.
ஜன்னலுக்கு வெளியே நின்று நத்தர்ஷா வாசித்தான்.
ஒவ்வொரு பெயருக்கும் அடைக்கலம் ஒரு விரலை மடக்கினான்.
இரண்டு கையும் தீர்ந்து
என் ஜன்னல் கம்பிகளை எண்ணத் தொடங்கினான்.
பதினாறாவது கம்பியில் பட்டியல் முடிந்தது.

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.
யாரும் திரும்பவில்லை.

"முப்பத்திரண்டு வயசாம்."
"போன வருசம் முப்பத்தொண்ணு. அப்ப மட்டும் எடுத்தானுங்களா?"
"வேகப்பந்துக்கு ஆடமாட்டானாம்."
"அவனுக்கு எவன் வேகமாப் போட்டுப் பார்த்தான்?"
"பதினேழு பந்துல நாப்பது அடிச்ச பையனுக்கு
அஞ்சு நாள் ஆட்டத்துல இடம்!"
"அந்தப் பையனும் நல்லாத்தான்பா ஆடுறான்,"
என்றான் நத்தர்ஷா, மெதுவாக.
அன்று அவனுக்கு டீ வாங்கித் தர ஆளில்லை.

சேவுகன் வேலை சார்டெக்ஸில்.
ஓடிவரும் அரிசியில் கறுப்பு மணி எதுவென்று
கேமரா பார்க்கும், காற்று ஊதித் தள்ளும்.
"நம்ம மெஷின் கறுப்பைத்தான் ஊதுது.
அவனுங்க மெஷின்ல எதை ஊதுறதுன்னு
எவன் செட் பண்ணினான்?"
என்று கேட்டுவிட்டு
என்னைப் பார்த்தான், நான் செட் பண்ணியதுபோல.

ஒன்றை நான் அவர்களிடம் சொன்னதில்லை.
அந்த எழுநூற்றுப் பதினாறில்
முந்நூற்றுப் பதினொன்று ஒரே இன்னிங்ஸில் வந்தது.
பந்து எழும்பாத தரை,
கைமாற்றிப் போட்டுச் சலித்த பௌலர்கள்.
எண்ணை எப்படிக் கனக்க வைப்பதென்று எனக்குத் தெரியும்:
நனைந்த தார்ப்பாயோடு மேடையேறும் லாரிகளைப்
பதினோரு வருசமாகப் பார்க்கிறேன்.

அவர்கள் போனபிறகு கழித்துப் பார்த்தேன்.
அந்த இன்னிங்ஸையே எடுத்து வெளியே வைத்தேன்.
மீதி நானூற்றைந்து. அவுட் ஆனது ஐந்து முறை.
எண்பத்தொன்று.
மறுபடி போட்டேன். எண்பத்தொன்றேதான்.
கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது,
எல்லோருக்கும் ஆறிய பிறகு.

"இனி பார்க்கவே மாட்டேன்," என்று
சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருந்தான் சேவுகன்.

மூன்றாம் நாள் காலை, அகர்தலாவில் ஆட்டம்.
அங்கே வெயில் சீக்கிரம் வந்துவிடும்.
புது எடைச்சீட்டைத் திருப்பி வைத்தேன்.
மேடையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது.
தலையில் தவிட்டுத் தூசியோடு
ஜன்னலில் ஒரு முகம்.

"எத்தனை?"
"பூஜ்யம். ஆறு பந்து."
"ஆறையும் விட்டானா?"
"விட்டான்."
"அப்பச் சரி," என்று உள்ளே போனான்.