இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிப்டுக்குக் காசு போட வேண்டும்.
இருபது தெத்ரி விழுந்தால்தான் ஏறும்.
இறங்க ஒன்றும் கேட்காது.
"இறங்குவது எங்கேயும் இலவசம்தான், லமாரா"
என்பார் ஐந்தாம் மாடி ஓத்தர்,
பதினோரு வருடமாக, அன்றுதான் தோன்றியதுபோல.
நானும் சிரித்துவைப்பேன்.
அது வேறு ஒரு கட்டணம்.

இன்று சபுர்த்தாலோவில் மழையுமில்லை, வெயிலுமில்லை.
மருந்துக்கடையில் நாள் முழுக்கச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்:
"அந்த வெள்ளை மாத்திரை" என்று கேட்டவருக்கு
(எல்லாமே வெள்ளைதான், ஐயா),
மருந்துப் பெட்டியை விரலால் காற்றில் வரைந்தவருக்கு.
ஒன்றும் வாங்காமல் எடை பார்த்து
எந்திரத்தைத் திட்டிவிட்டுப் போன அம்மாளுக்கு மட்டும் இல்லை.
வீட்டுக்கு வந்து லிப்ட் முன்னால் கோட்டுப் பையைக் கவிழ்த்தால்
சாவி, நனைந்து காய்ந்த ஒரு ரசீது,
போன குளிர்காலத்து வால்நட் ஒன்று,
ஐந்து லரித் தாள்.
என் வீடு எட்டாவது மாடியில்.

தாளை மாற்றத்தான் ரொட்டிக்கடைக்குப் போனேன்.
பசியால் இல்லை. சத்தியமாக.
நுக்ஸார் இடுப்புவரை அடுப்புக்குள் கவிழ்ந்திருந்தான்,
கிணற்றில் எதையோ தவறவிட்டவன்போல.
நிமிர்ந்தபோது கையில் ரொட்டி,
இரண்டு முனையும் கூராக, படகு மாதிரி.
காகிதம் அதில் பாதிக்குத்தான் வரும்.
மீதிப் பாதிக்கு என் உள்ளங்கை.
சுட்டது. மாற்றிப் பிடித்தேன். சுட்டது.
வீடு போய்ச் சேரும்வரை தொடக்கூடாது என்பது
இந்த ஊரில் யாரும் காப்பாற்றாத விரதம்.
முனையைக் கிள்ளினேன்.
கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கரி, உள்ளே ஆவி.
நாக்கு வெந்துபோனது.
கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது எதிரே நாய்,
காதில் நகராட்சி மாட்டிய மஞ்சள் வில்லை.
கேட்கவில்லை. பார்த்தது, அவ்வளவுதான்.
மறுமுனையையும் கிள்ள வேண்டியதாயிற்று.

லிப்ட் காசை வாங்கிக்கொண்டது.
விளக்கு எரிந்தது. கதவு சாத்தியது.
கொஞ்சம் யோசித்தது.
கதவு திறந்தது, அதே தரைத்தளத்தில்.
விளக்கு அணைந்தது.
தட்டினேன். யாருமில்லையென்று பார்த்துவிட்டு உதைத்தேன்.
இன்னொரு காசு போட்டிருக்கலாம்.
இருபது தெத்ரி ஒரு பெரிய தொகையா என்றால்
இல்லை. அதனால்தான் எரிச்சல்.
பெரிய தொகையென்றால் யாரிடமாவது போய் நியாயம் கேட்கலாம்.

ஏறினேன்.
மூன்றில் கத்தரிக்காய் பொரிகிற வாசனை.
நான்கில் யாருடைய சைக்கிளோ,
வழக்கம்போல முழங்காலில் இடித்தது.
ஐந்தில் ஓத்தர் வீடு; மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.
ஆறில் பியானோ.
கேத்தோ என்கிற சிறுமி,
இரண்டு வருடமாக ஒரே பாடம், ஒரே இடத்தில் தடுக்கும்.
அந்த இடம் வரும்போது கட்டடமே தோளைக் குறுக்கும்.
நானும் குறுக்கினேன், ஒரு கால் மேல்படியில்.

தடுக்கவில்லை.
தாண்டிவிட்டாள்.
தாண்டியதும் பயந்துபோனவள்போல நிறுத்திவிட்டாள்.
மேலே எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது;
வேறு யாரோகூடக் காத்திருந்திருக்கிறார்கள்.

எட்டில் என் பூட்டு.
கதவை முழங்காலால் தூக்கி, இடப்பக்கம் நெம்பி,
அதற்குப் பழகிய கெட்ட வார்த்தையைச் சொன்னால் திறக்கும்.
பாதி வார்த்தையில் இருந்தபோது
பின்னால் லிப்ட் வந்து நின்றது.
கதவு திறந்தது. உள்ளே பளிச்சென்று விளக்கு.
யாருமில்லை.
என் இருபது தெத்ரி, முறைப்படி,
எட்டாவது மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது.

முனைகளில்லாத ரொட்டியை மார்போடு அணைத்தபடி
கொஞ்சம் ஒதுங்கி
வழிவிட்டேன்.