உள்ளே, வெளியே

காக்கி புக்கிட், ஞாயிறு காலை ஏழரை.
கோ பெங் லியோங் தன் பட்டறையின் கடைசி மூலையை
இருபது வெள்ளிக்கு மதியம்வரை விட்டிருக்கிறான்.
"எண்ணெய் சிந்தினால் இன்னும் இருபது."

இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்தவள் நான்.
தேவசகாயம் தூங்கி எழுந்து வந்தவர்,
ஆனாலும் கொட்டாவி எல்லாம் அவருடையது.

ஒருகாலத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய மினிபஸ்.
இருக்கைகளைக் கழற்றி
ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி,
அனுமதிக்கு நான்கு மாத அலைச்சல்.
கண்ணாடியில் உரிக்க முடியாத ஒரு வாத்துக்குஞ்சு
இன்னும் எங்களோடு வருகிறது.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்.
இளஞ்சூட்டில்தான் எண்ணெய் மனம் இளகும்.
ஆரஞ்சுப் பெட்டி அட்டைமேல் மல்லாந்து
பத்தொன்பதாம் எண் ஸ்பானரை மாட்டினேன்.
கால் சுற்று. இன்னொரு கால். பிறகு விரலால்.
திருகு கழலும் நொடியில் கையை இழுக்கத் தெரிய வேண்டும்.
முதல் முறை தெரியவில்லை;
அன்று போட்டிருந்த சட்டைதான் இன்று துடைக்கும் துணி.

கறுப்பாய், கயிறாய், மெலிந்து நூலாகி,
பிறகு சொட்டு.
சொட்டுகளை எண்ணுவது எனக்குத் தொழில்.
வார்டில் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஓர் அட்டை:
உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு.
இங்கேயும் அளந்து எழுதினேன்.
உள்ளே போனது ஏழு லிட்டர்.
வெளியே வந்தது ஐந்து எண்ணூறு.
மிச்சம் எங்கே?

"மெர்சிங் சாலையில் பின்னால் வந்தவனைக் கேள்.
நீலமாய்ப் புகையுது என்று விளக்கடித்துச் சொன்னான்."
என்னிடம் சொல்லவே இல்லையே.
"நீ தூங்கிக்கொண்டிருந்தாய்."

அடுத்து கிரீஸ்.
வரைபடம் ஜப்பானிய மொழியில்,
எங்களுக்குப் புரிவது அம்புகள் மட்டும். பதினொன்று.
கிங்பின்களுக்கு நான்கு.
பட்டைகளின் கொக்கிகளுக்கு நான்கு.
நீள்தண்டின் மூட்டுகளுக்கு இரண்டு.
ஒவ்வொரு நிப்பிளையும் துடைத்து, துப்பாக்கி மூக்கைப் பொருத்தி,
பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை அமுக்கினேன்.
பத்துதான் ஆகிறது.

டார்ச் அடித்தேன். விரலால் தடவினேன்,
நரம்பு பிடிபடாத கையைத் தடவுவதுபோல.
தண்டின் முதுகில், மேல்நோக்கி, சேற்றுப் பொருக்குக்குள்
கடுகளவு ஒரு மேடு.
துப்பாக்கி அங்கே எட்டாது.
வண்டி அரைச் சக்கரம் உருண்டால் தண்டு திரும்பும்.

வெளியே வந்து கியரை விடுவித்தேன்.
தேவசகாயம் தள்ளினார். வாத்துக்குஞ்சுகூட அசையவில்லை.
காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தோள் கொடுத்தான் பெங் லியோங்.
"சிஓஇ இன்னும் எத்தனை நாள்?"
பதினாலு மாதம்.
"அப்புறம் இரும்புக்கடை லா. எதுக்கு இத்தனை கிரீஸ்?"
"தள்ளுங்க," என்றேன்.

உருண்டது. கட்டை வைத்துவிட்டு மறுபடி கீழே நுழைந்தேன்.
நான்கு அமுக்குக்கு அசையவில்லை.
ஐந்தாவதில் ஒரு பெருமூச்சு,
துருநிறத்தில் வறண்ட பசை, ஓர் அரிசி அளவு,
பிறகு இன்னொன்று, பிறகு புதுசு.
எத்தனை வருடமாக யாரும் தொடாத இடம்.
வாய்விட்டுச் சிரித்தேன்; கன்னத்தில் விழுந்தது.

புது வாஷர், புது வடிகட்டி, ஏழு லிட்டர்.
பழையதைப் பெங் லியோங்கின் பீப்பாயில் ஊற்றினோம்.
டார்ச்சோடு தரையைப் பார்த்தபடி வந்தான்.
ஐந்து காசு அளவில் ஒரு சொட்டு.
செருப்பை அதன்மேல் வைத்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

வெள்ளி இரவு, உட்லண்ட்ஸ்.
முக்கால் டேங்குக்கு மேல் நின்ற முள்ளைக் காட்டிவிட்டு
வேகத்தடையில் ஏறி இறங்கினோம்.
எப்போதும் அங்கே அடிவயிற்றில் ஒன்று முனகும்.
இல்லை.
வானொலியை அணைத்தேன்.
இரவெல்லாம் முனகுகிற கட்டில் சட்டென்று அடங்கினால்
ஓடிப்போய்ப் பார்த்துப் பழகிய கால்கள்;
எழுந்து பின்னால் போய்
தரையில் உள்ளங்கையை வைத்தேன்.
"என்ன ஆச்சு?"
சீரான நடுக்கம். கொஞ்சம் சூடு.
"ஓடுது," என்றேன். "ஓட்டுங்க."