அரைப்புள்ளி

முப்பத்தெட்டுப் பக்க ஆங்கிலத்தை
ஒரே தாளில் தமிழாக இறக்கு என்றார் டாக்டர்.
எட்டாவது படித்தவருக்கும் புரிய வேண்டும்,
கூலி இரண்டாயிரம்.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக்கடை மாடி.
ஃபேன் காற்றில் பக்கங்கள் பறக்காமலிருக்க
இன்சுலினோடு வந்த ஐஸ் பேக்கைப் பாரம் வைத்து
உட்கார்ந்தேன்.

சர்க்கரையால் வரும் காலெரிச்சலுக்கு ஒரு மாத்திரை.
புதுவயல், பள்ளத்தூர், கண்டனூர், கோட்டையூர் என்று
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
ஒரு வருஷம் விழுங்கியிருக்கிறார்கள்.
பாதிப் பேருக்கு மருந்து.
மீதிப் பேருக்குக் கொடுத்ததை
அகராதி மருந்துப்போலி என்கிறது.

வாசித்துக் காட்டினேன்.
பாத்திரக்கடை சகுபர் நிஷா நிமிர்ந்தார்.
"போலி மருந்தா? யார் மேலயும் கேஸ் போடலையா?"
அடித்துவிட்டு
மருந்து இல்லாத மாத்திரை என்று எழுதினேன்.
அப்போதும் அவர் முகம் முழுசாகத் தெளியவில்லை.

இரு குழுக்களிடையே வேறுபாடு குறிப்பிடத்தக்கதன்று.
இந்த ஒரு வாக்கியத்தோடு இரண்டு நாள் போனது.
மூன்றாம் நாள் பஸ் டிப்போ மெக்கானிக் அடைக்கலம்
செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டினார்.
"ராத்திரி ஈரத்துணி சுத்திக்கிட்டுப் படுக்கிறேன் தம்பி.
இது குறிப்பிடத்தக்கதில்லையா?"

திருத்தினேன்:
இரண்டு மாத்திரையிலும் எரிச்சல் குறைந்தது;
மருந்து உள்ளதில் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது.
அந்தக் கொஞ்சம் மருந்தால் வந்ததா, தற்செயலா என்று
இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

'சொல்ல முடியாது' என்பதை
டாக்டர் சிவப்பு மையில் சுழித்தார்.
இத்தனை லட்சம் செலவழித்து இதையா சொல்வது?
ஆங்கிலத்திலும் இதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன்,
முப்பத்தோராம் பக்கத்தில்,
பொடி எழுத்தில்,
யாரும் போய்ச் சேராத இடத்தில்.

கடைசியாக வந்தவர் கண்டனூர் சிகப்பி.
ஆய்வில் எண்பத்தெட்டாம் எண்.
அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர்,
தப்பு எங்கே இருக்கும் என்று கண் தானாகப் போகும்.
என் பேனாவை வாங்கி
'குறைந்தது' என்பதை ஒட்டியிருந்த குறி மேல் வைத்தார்.
"இது எதுக்கு? நிக்கவா, போகவா?"
அரைப்புள்ளி என்றேன்.

சிரித்துவிட்டார்.
"அவுக இருந்தவரைக்கும் கோயில் நோட்டுல
நாங்க ஒரு புள்ளி.
இப்ப நான் அரைப்புள்ளி, வரியும் பாதி.
உங்க புள்ளிவிவரத்துல நான் முழுசா, பாதியா?"

முழுசு என்றேன்.
அந்த மாதம் முழுக்க
இவ்வளவு உறுதியாக வேறு எதையும் நான் சொல்லவில்லை.

"அப்ப எனக்குக் குடுத்தது எது?"

கேட்டவர்களுக்கு மட்டும் பிரிக்கச் சொல்லி
உறைகள் வந்திருந்தன.
இழுப்பறையிலிருந்து எடுத்துப் பிரித்தேன்.
மருந்து இல்லாதது.

அவருடைய எரிச்சல் தொடக்கத்தில்
பத்துக்கு எட்டு.
வருஷக் கடைசியில் மூன்று.
பேரனில்லாத வீட்டில் தனியாக
மெத்தைப்படி ஏறி இறங்குகிற அளவுக்கு மூன்று.

"அப்ப பொய்யாவா குறைஞ்சுச்சு?"

கீழே கடையில் யாரோ
இருமல் மருந்து கேட்டுப் பேரம் பேசுகிறார்கள்.
"குறைஞ்சது நிசம்.
எதால குறைஞ்சதுன்னுதான் எங்களுக்குத் தெரியலை."
"அதை அப்படியே எழுதுங்க" என்று
பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

எழுதினேன்.
டாக்டர் மறுபடி சுழிக்கவில்லை,
ஒப்புக்கொண்டாரா, அலுத்துவிட்டாரா,
அதுவும் தெரியாது.

இருநூற்றுப் பன்னிரண்டு தபால் போட்டோம்.
பதினொன்று திரும்பி வந்தன,
பாதியில் ஆய்வை விட்டுப்போன
அதே பதினொரு பேர்.
அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு தொடர் இருக்கிறது.
தொடர்பிழந்தோர், பின்தொடர இயலாதோர்,
கண்காணிப்பில் விடுபட்டோர் என்றெல்லாம்
எழுதி எழுதி அடித்திருந்தேன்.

உறையின் மேல்
தபால்காரர் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தார்:
வீடு பூட்டியிருக்கு.
எங்கே போனாங்கன்னு
பக்கத்துல யாருக்கும் தெரியலை.