வெளியேறும் எண்

சோஹார் துறைமுகத்தின் மூன்றாம் வாசலுக்கு எதிரே
கண்டெய்னரை அறுத்துச் செய்த ஆபீஸ்.
இரவு இரண்டே முக்கால்.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் வாளி.

என் நிரல் தானாக எதையும் அச்சிடாது.
லாரிக்கு ஒன்றாகப் பிள்ளை ப்ராசஸ் பெற்று
கையில் ரசீது எண்ணைத் திணித்து அனுப்பும்:
போ, சுங்கச் சீட்டைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டு வா.
போகும். வரும்.
வந்ததும் ஓர் எண் சொல்லும்.
பூஜ்ஜியம் என்றால் எல்லாம் நலம்.
பூஜ்ஜியத்துக்கு மகிழும் தொழில்
இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்றைக்குப் போனவை வரவில்லை.
நாற்பத்தொரு பிள்ளைகள்.
சாகவில்லை, பட்டியலில் பெயர் இருக்கிறது.
உழைக்கவுமில்லை, சிபியு சும்மா கிடக்கிறது.
மொத்தமாகக் கொன்றேன், மறுபடி பெற்றேன்
(எங்கள் பாஷையில் அது பாவமில்லை).
அதே கதை.

ஜன்னலைத் தட்டினார் தாத் கரீம்.
பலூச்சியில் ஏதோ. பிறகு அரபியில் ஏதோ.
பத்து நிமிஷம் என்று விரல்களை விரித்தேன்.
அது நான்காவது பத்து நிமிஷம்.

மூன்றேகாலுக்குப் பிடிபட்டது.
ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வாய்:
ஒன்று விடை சொல்ல, ஒன்று குறை சொல்ல.
விடைக்குக் காது வைத்திருந்தேன்.
குறைக்கு வைக்கவில்லை.
நேற்று சர்வரை மாற்றிய ஷெர்லின்
அரபி எழுத்துரு ஒன்றை ஏற்ற மறந்திருக்கிறாள்.
எழுத்துரு இல்லை, எழுத்துரு இல்லை என்று
வரிக்கு வரி முறையிட்டு
அறுபத்து நான்கு கிலோபைட் குழாய் நிரம்பி
அடுத்த எழுத்துக்கு இடமில்லாமல்
பாதிச் சொல்லில் நிற்கின்றன நாற்பத்தொன்றும்,
யாராவது கொஞ்சம் வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று.

ஒரு வரி சேர்த்தேன்.
சொல், கேட்கிறேன்.
கேட்டு என்ன செய்தேன்?
அப்படியே குப்பையில் கொட்டினேன்.
அதுவே போதுமாயிருந்தது.
பூஜ்ஜியம்.
பூஜ்ஜியம். பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.
பிரிண்டர் இருமத் தொடங்கியது.

சூடாக முதல் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
கதவைத் திறந்ததும் ஜூன் மாதப் புழுக்கம்
கண்ணாடியில் ஆவியாய் அப்பியது.
சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தால்
தாத் கரீமின் வண்டியில்
குளிர்பெட்டி மோட்டார் ஓடவில்லை.
டீசல், என்றார்.
எனக்கும் தெரிந்த சொல்தான்.

வஞ்சிரம், நான்கு டன்.
பின்கதவின் அடியிலிருந்து
வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு
தார்மேல் நெளிந்து
என் செருப்பு வரை வந்திருந்தது.