ஏனையவை

மழைமானிப் படிவத்தில் கடைசி நிரல் 'ஏனையவை'.
கட்டைவிரல் அகலம்தான் இருக்கும்.
காலை எட்டரைக்குப் போத்தலைத் தூக்கிப் பார்த்து
மில்லிமீற்றரை எழுதினால்
என் சம்பளத்துக்கான வேலை முடிந்தது.
அந்த நிரல் சும்மா கிடந்ததுதான் உறுத்தியது.

பங்குனியில் எழுதினேன்:
ஒட்டுசுட்டான் றோட்டில் நடுப்பகல் பேய்த்தேர்.
மேலதிகாரி போனில் கேட்டார்:
"பிள்ளை, எந்தக் கோயில் தேர்?"
தார் உருகிற வெயிலில் தண்ணிமாதிரி மினுங்குமே, சேர்,
கிட்டப் போனால் தள்ளிப் போகுமே, அது.
"கானல் எண்டு எழுதலாமே."
எழுதலாம்.
ஆனால் கானல் என்றவன் நிழலில் நின்றிருக்கிறான்.
தேர் என்றவன் அதன் பின்னால் போயிருக்கிறான்,
வடம் எங்கே என்று கையை நீட்டியபடி.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிய பிறகுதான்
தேரை இழுப்பது யாரென்று பார்த்திருப்பான்.
அதற்குப் பிறகே முன்னால் 'பேய்' சேர்ந்திருக்கும்.

ஐப்பசி, முதல் மழைக்கு மறுநாள்: தம்பலப்பூச்சி, ஏராளம்.
வெற்றிலை போட்ட எவளோ
வரம்பில் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.
துப்பியது நடந்து போய்க்கொண்டிருந்தது.
சான்று கேட்காதீர்கள்.
சொல் பிறந்த இடத்தில்
மருத்துவிச்சி கையெழுத்து வைப்பதில்லை.

ஊர்கோள் என்று எழுத மட்டும் ஒருமுறை கை வரவில்லை.
நிலவைச் சுற்றி வட்டம், மழைக்கு அறிகுறி,
எழுத வேண்டியதுதான்.
செட்டிகுளத்தில், முட்கம்பிக்குள்,
கூடாரங்களுக்கு நம்பர் போட்டிருந்த ஆண்டில்
தண்ணீர் வரிசையில் நின்ற சிவக்கொழுந்து
அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:
"உதுக்கு மட்டும் ஊர் கிடைச்சிட்டுது."
சிரித்தோம். வாளிகள் ஓரடி நகர்ந்தன.
இந்தச் சொல்லில் ஊர் என்பது வட்டம்தான் என்கிறது அகராதி.
இருக்கட்டும்.

போன மாதம் நில அளவையாளர் லெம்பேட் வந்தார்,
மன்னார்க்காரர், குடைத்தொப்பி.
அவருடைய பழைய படத்தில் இல்லாத ஒரு நீர்
எங்கள் வயலுக்கு மேற்கே, பாலை மரத்தடியில்.
சுற்றி நடந்து பார்த்தார்.
"தானாய் வந்த குழி இவ்வளவு வட்டமாய் இராதே" என்றார்.
பெயர் கேட்டார்.
வெள்ளிடிமோட்டை.

முகிலே இல்லாத வானத்தில் இடிக்கிற இடி, வெள்ளிடி.
எந்தக் காலத்திலோ ஒரு வெறுங்கோடையில்
ஒரு தடவை இடித்திருக்கும்.
கேட்டவன் அந்த ஒன்றுக்காகவே
ஒரு சொல்லைச் செய்து வைத்துவிட்டுப் போனான்.
அவ்வளவு அரிது.
அவன் பேரப்பிள்ளைகள் அதைச் சொல்ல வாய்ப்பில்லாமலே
செத்திருப்பார்கள்.
பிறகு எங்களுக்கு ஒரு மாசி வந்தது.
நீல வானம், ஒரு பொட்டு முகிலில்லை.
நாளுக்கு எத்தனை என்று
அளக்க நிரல் இருக்கவில்லை,
படிவம் இருக்கவில்லை,
கந்தோரும் இருக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
மோட்டைக்குள் முழங்கால்வரை நின்று
அல்லிக்கொடி இழுத்துக்கொண்டிருந்த யதுர்சிகா முந்திவிட்டாள்.
எட்டு வயது. பிறந்ததே இங்கே திரும்பி வந்த பிறகு.
"வெள்ளி அடி வைச்ச இடம், சேர்.
மேலையிருந்து இறங்கேக்கை ஒரு கால் இஞ்சை பட்டது.
அதுதான் வெள்ளியடி."
அவர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினார்:
வெள்ளியடி மோட்டை.
பிறகு என்னைப் பார்த்தார். "சரிதானே, அக்கா?"

தவளை ஒன்று குதித்தது. வட்டத்துக்குள் வட்டம்.
ஓம் என்றேன்.

நாளைக்கு மற்றக் காலைத் தேடப் போகிறாளாம்.
மற்றக் கால் வாய்க்காலுக்கு அங்காலே இருக்கிறது.
அதற்கும் அங்காலே இன்னொன்று,
பாடசாலைக்குப் பின்னால் மூன்று.
எண்ணத் தெரிந்த பிள்ளை.
வெள்ளிக்கு எத்தனை கால் என்று
ஒருநாள் வந்து நிற்பாள்.