ஊடாக

கானாக்கில் விமான நிலையம் என்பது
ஒரு சின்னக் கட்டடம், ஒரு சரளை ஓடுதளம்,
துக்கும்மெக் உட்கார்ந்திருக்கும் ஒரு மேசை.
சுவர் வரைபடத்தில் அடிக்கோலை வைத்து
அவளே அளந்து சொன்னாள்:
கிரைஸ் ஃபியோர்டு, முந்நூற்று அறுபது கிலோமீட்டர்.
நேர் விமானம் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம்.

'இருந்தால்' என்பதை மட்டும்
கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

அக்கரை வேறு நாடு,
மூன்று மணி நேரம் பிந்திய கடிகாரம்.
பத்து மணிக்கு இங்கே ஏறினால்
எட்டேகாலுக்கு அங்கே இறங்கலாம்.
புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்து,
தங்கை இவாலு வீட்டில் காப்பி குடித்தபடி,
தான் இன்னும் கிளம்பாமல் நிற்பதை நினைத்துச் சிரிக்கலாம்.
ஊடாக் இப்போதே சிரித்தான்.
முன்பல் ஒன்று இல்லை.

பிறகு பயணச்சீட்டு அச்சானது.
இயந்திரம் நிற்கிற வழியாக இல்லை.

இலுலிசாட் ஊடாக,
நூக் ஊடாக,
கடல் தாண்டிக் கோபன்ஹேகன் ஊடாக,
அதே கடலைத் திரும்பத் தாண்டி டொராண்டோ ஊடாக,
ஒட்டாவா, இக்காலுயிட்,
ரெசொலூட் ஊடாக.
பதினைந்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
எட்டு நாள், வானம் மனம் வைத்தால்.
விலையை அவள் வாயால் சொல்லவில்லை,
காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.
இரண்டு குளிர்காலத்து ஹாலிபட் மீன்.

பார்க்கப் போவது அண்ணனை.
பனி பிளந்து மீத்தெக் போய் மூன்று வருடம்.
இந்த வசந்தத்தில் இவாலுவுக்கு ஆண் குழந்தை,
அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.
பெயர் வந்தால் ஆள் வந்த மாதிரி.
அண்ணனுக்கு இப்போது ஏழு மாதம்,
இரண்டு பல்.
தொலைபேசியில் எச்சில் தெறிக்கக் கத்தினான்.
நாய்களை அதட்டும் அதே குரல் என்று
ஊடாக் அடித்துச் சொல்கிறான்.

பையில் உறைந்த மட்டாக், அண்ணனுக்குப் பிடித்த நார்வால் தோல்.
அந்த நார்வாலே கோடையில்
இவாலுவின் ஜன்னலுக்கு எதிரே
மேலே வந்து மூச்சு விட்டிருக்கலாம்.

கோபன்ஹேகன் விடுதியில்
ஹீட்டரை அணைக்கத் தெரியவில்லை,
ஜன்னல் திறக்கவில்லை.
விடிவதற்குள் பை ஈரமாகிக்
கம்பளத்தில் சொட்டத் தொடங்கியது.
சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்றார்கள்.
குளியலறையில் நின்றபடி பாதியைத் தின்றான்.
மீதி, குப்பைத் தொட்டிக்கு.

டொராண்டோவில் ஒரு அதிகாரி
எங்கிருந்து வருகிறாய் என்றார்.
வடக்கிலிருந்து.
எங்கே போகிறாய்?
வடக்குக்கு.
அவர் முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடி
சற்று நேரம் அப்படியே இருந்தார்.

ஒன்பதாம் நாள் ரெசொலூட்.
காற்று ஓடுதளத்தைக் காணாமல் ஆக்கிவிட்டது.
இறக்கையில் கயிறு கட்டி விமானத்தைப் பூமியோடு பிணைத்திருந்தார்கள்.
பத்தாம் நாளும்.
பதினோராம் நாள்
கூடத்துச் சுவரில் இருந்த வரைபடத்தில்
காலணிக் கயிற்றை இழுத்து வைத்து அளந்தான்.
இங்கிருந்து தங்கை வீடு
முந்நூற்றுத் தொண்ணூறு.

மறுபடியும் அளந்தான்.
சொந்த வீட்டில் படுத்துக் கிடந்தபோது
முப்பது கிலோமீட்டர்
பக்கத்தில் இருந்திருக்கிறான்.

கயிற்றைத் திரும்பக் கோத்துக் கட்டினான்.
தொலைபேசி கூடத்தின் மூலையில்.

"எங்கண்ணா இருக்கே? கிட்ட வந்துட்டியா?"

"அண்ணன்கிட்ட கொடு" என்றான்.