மூன்று டப்பா

மச்சானுக்கு ஆபரேஷன். ரத்தம் கொடுத்தேன்.
பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மணலி யார்டுக்குத் திரும்பினேன்,
கண்டெய்னர்கள் காத்திருந்தன.
பதினோராம் நாள் போன்:
"கொஞ்சம் நேர்ல வர முடியுமா சார்?"
எந்த பேங்க்கும் என்னை சார் என்றதில்லை,
ரத்த பேங்க் சொன்னது.
அப்போதே பயந்தேன்.

ஸ்டான்லியில் ஓர் அறை.
ஷாகின் என்ற பெண், என் மகள் வயசிருக்கும்,
விரலைக் குத்தி ஒரு சொட்டை அட்டையில் விட்டாள்.
ஒரு கோடு.
சுவரில் பல்லி இடம் மாறுவதற்குள்
இன்னொரு கோடு.
ஹெபடைட்டிஸ் சி என்றாள்.
"பழைய ஊசி ஏதாவது?"
பழைய சட்டை ஏதாவது என்று
பாத்திரக்காரி கேட்பதுபோல் கேட்டாள்.

தொண்ணூற்றேழு. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்,
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டேயிருக்கும்.
பெட்டிகளை எண்ணி முடிப்பதற்குள்
நாலு பேருக்கும் ஏறிவிடும்:
தேசிங்கு, காதர், மோசஸ், நான்.
ஒரே ஊசி. லாரித் தண்ணியில் ஓர் அலசல்.
"கை நீட்றா" என்பான் தேசிங்கு,
அவன் கைதான் நடுங்காது.

மூன்றாம் வருஷம் விட்டேன்.
தொட்டதையே சொல்லாதவன்
விட்டதை யாரிடம் சொல்ல?

காதருக்கு மஞ்சள் காமாலை என்றார்கள்,
கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.
மோசஸுக்கு வயிறு குடம்போல் வீங்கியது.
குடிதான் காரணம் என்றது தெரு.
மோசஸ் குடிக்கவே மாட்டான்.

ஈரல் என்றால் எனக்கு
ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில்
தனியாகக் கேட்டு வாங்குவது, அவ்வளவுதான்.
எனக்கும் ஒன்று இருக்கிறதென்று
ஸ்கேன் அறையின் ஜில்லென்ற பசையில்தான் தெரிந்தது.
"லேசா தழும்பு. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டர்.
இருபத்தேழு வருஷம் கழித்து
நல்ல நேரம்.

மாதத்துக்கு ஒரு டப்பா, இருபத்தெட்டு நாளுக்கு.
மூன்று டப்பா. காசில்லை.
ஊசியில் வந்தது மாத்திரையில் போகுமாம்.

தேன்மொழி என் டம்ளரைத் தனியே கவிழ்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அவளுக்கும் விரல் குத்தினார்கள், ஒரே கோடு.
அன்றைக்குத்தான் அழுதாள்.
டம்ளரில் வராதும்மா, பிளேடில் வரும் என்றாள் ஷாகின்.
ராத்திரி டம்ளர் அடுக்குக்குத் திரும்பிவிட்டது.
ரேசர் மட்டும் தனி ஆணியில்.

யார்டில் சுகர் என்று சொல்லிவைத்தேன்.
சுகருக்கு எல்லோரும் இரங்குகிறார்கள்.
டீக்கடை நாயர் கேட்காமலே சர்க்கரையை நிறுத்தினார்.
பொய்யைக் காப்பாற்ற
ஆறு மாசம் கசந்த டீ குடித்தேன்.
மாத்திரை அவ்வளவு கசக்கவில்லை.

முடித்து மூன்று மாசம் கழித்து மறுபடி ரத்தம்.
கிருமி இல்லை என்று வந்தது காகிதம்.
"விரல் டெஸ்ட்ல அந்தக் கோடு மட்டும்
எப்பவும் வரும், பயப்படாதீங்க.
ரத்தம் கொடுக்க வேண்டாம்.
திரும்ப ஊசி பக்கம் போனா திரும்ப வரும்."
பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்:
"அப்போ உங்ககூட யாரு இருந்தாங்க?"

காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான் தேசிங்கு.
தலை முழுக்க நரை. முழுக்கைச் சட்டை,
அந்த வெயிலிலும்.
இரண்டு டீ சொன்னேன், என்னுடையதில் சர்க்கரை தூக்கலாக.
எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல்
"கை நீட்டணும், வரியா" என்றேன்.
சம்மட்டியைக் கீழே வைத்தான்.
"இன்னுமாடா?" என்றான்,
கோபமா பரிதாபமா தெரியவில்லை.

பையிலிருந்து காலி டப்பாக்களை எடுத்து
ஐஸ் மேல் வைத்தேன், மூன்றையும்.
காதர் பேரைச் சொன்னேன். மோசஸ் பேரைச் சொன்னேன்.
ஐஸ் உருகி டப்பா ஒன்று சரிந்தது,
குனிந்து அவனே எடுத்தான்.

இப்போது ஷாகின் அவன் விரலைப் பிடித்திருக்கிறாள்.
நடுங்காத கை
நடுங்குகிறது.
அட்டை மேஜைமேல் கிடக்கிறது.
எங்கோ கூட்ஸ் வண்டிச் சத்தம்.
பெட்டிகளை
எண்ணத் தொடங்குகிறேன்.